ஊட்டிக்குப் போகலாம், ஆனா இஎம்ஐ-ல வேண்டாம்: 4 பேர், 3 ராத்திரி, முழுக் கணக்கு

ஏப்ரல், மே வந்துட்டா நம்ம சேனலுக்கு மாறாம வர்ற ஒரு கேள்வி இருக்கு. "சார், வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பா அம்மாவை ஒரு தடவை ஊட்டி கூட்டிட்டுப் போகணும். ரிசார்ட் பேக்கேஜ் 12 மாச இஎம்ஐ-ல வருது. எடுக்கலாமா?"

ஊட்டின்னு இல்ல, கொடைக்கானலா இருக்கலாம், ஏற்காடா இருக்கலாம். கேள்வியோட உள்ளர்த்தம் ஒன்னுதான். பள்ளிக்கூட ஃபீஸ், காலேஜ் ஃபீஸ்னு கட்டிக்கிட்டே இருந்ததால ஒரு மலைப் பிரதேசத்தைக்கூடப் பார்க்காத அப்பா அம்மா. இப்போ கையில சம்பளம் வருது, அவங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. இந்த ஆசையை "வீண் செலவு"ன்னு சொல்ற ஆள் நான் இல்ல. சொல்லப்போனா, இதைத் தள்ளிப்போடுறதுக்கும் ஒரு விலை இருக்கு. இன்னைக்கு 57 வயசுல தாவரவியல் பூங்காவோட ஏத்தத்துல நடக்கிற அம்மா, 63 வயசுல முட்டி வலின்னு கார்லயே உக்காந்துக்கலாம். அந்த விலை எந்த எக்ஸெல் ஷீட்லயும் வராது.

அதனால இன்னைக்குப் பேசப்போறது "போகலாமா வேண்டாமா" இல்ல. எப்போ போறது, அங்க என்ன பண்றது, காசை எப்படித் திரட்டுறது. இந்த மூணும்தான். ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன்: ஊட்டியில காசைத் தின்கிறது தேதியும் ரூமும்தான். மனசுல நிக்கிற விஷயங்கள் பெரும்பாலும் மலிவானவை.

மே மாசம் ஏன் வேண்டாம்?

மே மாசம்தான் மலர்க்காட்சி, கோடை விழா எல்லாம். ஊரே அங்கதான் இருக்கும். அதே ரூம், அதே கட்டில், அதே வெந்நீர். வாடகை மட்டும் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு.

இதுல ஜிஎஸ்டி வேற ஒரு விளையாட்டு விளையாடும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து, ஒரு ரூமோட ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினா 18%. கணக்கு பாருங்க:

- வாடகை ரூ.7,400: வரி ரூ.370, மொத்தம் ரூ.7,770
- வாடகை ரூ.8,000: வரி ரூ.1,440, மொத்தம் ரூ.9,440

வாடகை வித்தியாசம் 600 ரூபாய். உங்க பாக்கெட்ல இருந்து போற வித்தியாசம் 1,670 ரூபாய். சீசன்ல வாடகை ஏறி 7,500-ஐத் தாண்டும்போது, ஹோட்டல்காரருக்கு மட்டும் இல்ல, வரிக்கும் சேர்த்துத்தான் கட்டுறீங்க.

சரி, எப்போ போகலாம்? ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பர்ல வடகிழக்குப் பருவமழை. மண் சரிஞ்சா மலை ரயிலை ரத்து பண்ணிடுவாங்க. டிசம்பர், ஜனவரில உறைபனி. புல்வெளி விடிகாலையில வெள்ளையா இருக்கும், பார்க்க அழகு. ஆனா வயசானவங்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கணும். என்னோட ஓட்டு பிப்ரவரிக்கு. பொங்கல் கூட்டம் போயிருக்கும், பரீட்சை சீசன் ஆரம்பிச்சிருக்கும், வானம் தெளிவா இருக்கும். அதுலயும் வார நாட்கள். ஞாயிறு ராத்திரி கிளம்பி வெள்ளி காலையில திரும்பினா, லீவ் நாலு நாள் போதும்.

மேல ஏறுறதே பாதி சுற்றுலா

சென்னையில இருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலையில மேட்டுப்பாளையம். அங்க இருந்து காலை 7 மணி வாக்குல மலை ரயில். 46 கிலோமீட்டரை ஏறக்குறைய 5 மணி நேரத்துல ஏறும். 1899-ல குன்னூர் வரைக்கும், 1908-ல ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் சட்டம் வரும். எஞ்சினோட பல் சக்கரம் அதைக் கவ்விக்கிட்டு ஏறும். எஞ்சின் முன்னாடி இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும். அப்பாக்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ஜன்னலை விட்டு நகர மாட்டார்.

ரெண்டு எச்சரிக்கை. ஒன்னு, முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், அன்னைக்குக் காலையிலேயே ஐஆர்சிடிசி-ல உக்காருங்க. சீட் ரொம்பக் கம்மி. ரெண்டு, பெட்டிக்குள்ள கழிப்பறை கிடையாது, வண்டி ஸ்டேஷன்ல நிக்கும்போதுதான் போகணும். சர்க்கரை இருக்கிறவங்க, அடிக்கடி போக வேண்டியவங்க இருந்தா, மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் பஸ்ல போயிட்டு, குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏறுங்க. டீசல் எஞ்சின்தான், ஆனா கேத்தி பள்ளத்தாக்கும் லவ்டேலும் அந்தப் பகுதியிலதான் வருது.

சொந்தக் கார்லயோ வாடகைக் கார்லயோ போறீங்கன்னா இ-பாஸ் வேணும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து இது நடைமுறையில இருக்கு. 2025 சீசன்ல வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000 வண்டின்னு உச்சவரம்பே போட்டாங்க. அரசு பஸ்லயும் ரயில்லயும் போறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு நீலகிரியில தடை. ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க, வாட்டர் ஏடிஎம்-ல நிரப்பிக்கலாம்.

மூணு நாள் என்ன பண்றது?

"15 இடம் பார்க்கலாம்"னு வண்டிக்காரர் லிஸ்ட் நீட்டுவார். வாங்கி வெச்சுக்கோங்க, ஆனா அதன்படி போகாதீங்க. வயசானவங்களோட ஒரு நாளைக்கு ரெண்டு இடம், அதிகபட்சம் மூணு. மிச்ச நேரம் சும்மா உக்காரணும். அதுக்குத்தானே மலைக்குப் போறோம்?

திங்கள்: மதியம் போய்ச் சேருவீங்க. ரூம், சாப்பாடு, ஒரு தூக்கம். சாயங்காலம் ஏரிக்கரை. கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1820-கள்ல உருவாக்கின ஏரி இது. படகு போகணும்னா துடுப்புப் படகு போதும். குதிரைச் சவாரிக்கு முன்னாடியே தூரத்தையும் ரேட்டையும் பேசிடுங்க.

செவ்வாய்: காலையிலேயே அரசு தாவரவியல் பூங்கா. 1848-ல ஆரம்பிச்சது. வாசல்ல இருக்கிற புல்வெளி சமதளம், அம்மா அங்க உக்காந்துக்கலாம். நீங்களும் தங்கச்சியும் மேல ஏறி, 2 கோடி வருஷப் பழமையான கல்மரத்தைப் பார்த்துட்டு வரலாம். டிக்கெட் விலையோட ஒப்பிட்டா ஊட்டியில இதைவிட மதிப்பான அரை நாள் கிடையாது. மதியத்துக்கு மேல ரோஜாப் பூங்கா. மலர்க்காட்சியோட நூற்றாண்டுக்காக 1995-ல அமைச்சது. சரிவுல அடுக்கடுக்கா இறங்கும், அதனால ஒன்னு ரெண்டு அடுக்கோட நிறுத்திக்கலாம். சாயங்காலம் புனித ஸ்டீபன் ஆலயம், காசு எதுவும் இல்ல. அதோட மர உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்த திப்பு சுல்தான் அரண்மனையில இருந்து கொண்டு வந்தவைன்னு சொல்வாங்க.

புதன்: இந்த ஒரு நாளைக்கு மட்டும் டாக்ஸி எடுங்க. காலையில முதல் வேலையா தொட்டபெட்டா. 2,637 மீட்டர், தமிழ்நாட்டோட உயரமான சிகரம். லேட்டா போனா மூடுபனியைத்தான் பார்த்துட்டு வருவீங்க. அங்க இருந்து குன்னூர். 1874-ல இருந்து இருக்கிற சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ் காட்சிமுனை, ஒரு டீ ஃபேக்டரி. கொழுந்து உள்ள போறதுல இருந்து தூளா வெளிய வர்ற வரைக்கும் பார்க்கலாம். வீட்ல 30 வருஷமா டீ போட்ட அம்மாவுக்கு அது என்ன மாதிரி அனுபவம்னு நீங்களே பாருங்க.

வியாழன்: காலையில மார்க்கெட். வர்க்கி, டீத்தூள், நீலகிரி தைலம். தோடர் பூத்தையல் பிடிச்சிருந்தா வாங்குங்க, வெள்ளைத் துணியில சிவப்பும் கருப்புமா இருக்கும். புவிசார் குறியீடு வாங்கின கைவேலை. கையால தைக்க நாள் கணக்காகும், பேரம் பேசாதீங்க. மதியம் 2 மணி வாக்குல கீழ இறங்குற மலை ரயில், மேட்டுப்பாளையத்துல இருந்து ராத்திரி ரயில். வெள்ளி காலை வீடு.

எங்க சிக்கனம் பார்க்கக் கூடாது?

நான் சிக்கனவாதிதான், ஆனா மூணு இடத்துல கையைக் கட்டாதீங்க.

ஒன்னு, ரயில்ல கீழ் பெர்த். தேவைப்பட்டா ஏசி பெட்டி. ராத்திரி தூங்காத அப்பாவை மறுநாள் எங்க கூட்டிட்டுப் போனாலும் பிரயோஜனம் இல்ல.

ரெண்டு, ரூம் இருக்கிற இடம். "வேலி வியூ"ன்னு ஊருக்கு வெளிய 8 கிலோமீட்டர் தள்ளி மலிவா எடுத்தா, மிச்சம் பிடிச்ச காசு டாக்ஸிக்குப் போகும். சேரிங் கிராஸ் பக்கம் நடக்கிற தூரத்துல பாருங்க. புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு நாலு கேள்வி கேளுங்க: எத்தனை படி ஏறணும்? வெந்நீர் எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரை? ஹீட்டருக்குத் தனி சார்ஜா? கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்ப வரும்?

மூணு, மாத்திரையும் கம்பளியும். பிபி, ஆஸ்துமா மாத்திரையை மூணு நாளைக்கு இல்ல, ஒரு வாரத்துக்கு எடுத்துக்கோங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்டு உங்க போன்ல இருக்கட்டும்.

இப்போ கணக்கு

நாலு பேர், மூணு ராத்திரி, பிப்ரவரி வார நாட்கள், சென்னையில இருந்து. இது நான் போடுற உத்தேசக் கணக்கு. உங்க ஊருக்கும் நீங்க போற தேதிக்கும் ஏத்த மாதிரி ரேட்டை மாத்திக்கோங்க.

- சென்னை–மேட்டுப்பாளையம் ரயில், போக வர (ஆளுக்கு ஒரு வழிக்கு 1,000): ரூ.8,000
- மலை ரயில் / பஸ்: ரூ.2,500
- 2 ரூம், 3 ராத்திரி, ரூமுக்கு 2,200, ஜிஎஸ்டி 5% சேர்த்து: ரூ.13,860
- சாப்பாடு (ஆளுக்கு ஒரு நாளைக்கு 600, மூன்றரை நாள்): ரூ.8,400
- ஒரு நாள் டாக்ஸி + மத்த நாள் ஆட்டோ, பஸ்: ரூ.4,000
- நுழைவுச் சீட்டு, படகு: ரூ.2,000
- வர்க்கி, டீ, சாமான்: ரூ.2,500
- கூட்டினா: ரூ.41,260
- எதிர்பாராததுக்கு 10%: ரூ.4,126
- மொத்தம்: ரூ.45,386

இப்போ பேக்கேஜ் பக்கம் வாங்க. சீசன்ல ரிசார்ட் ரூம் ஒன்னு 8,500-னு வெச்சா, 2 ரூம், 3 ராத்திரிக்கு 51,000. ஜிஎஸ்டி 18%, அதாவது 9,180. மொத்தம் 60,180. இது ரூம் மட்டும். நாலு பேரோட முழுப் பயணத்துக்கும் ஆகுற செலவைவிட, தூங்குறதுக்கு மட்டும் 15,000 அதிகம்.

அதையும் கடன்ல எடுத்தா? 60,000 ரூபாய், 16% வட்டி, 12 மாசம்னா மாசத் தவணை ஏறக்குறைய 5,440. வட்டி மட்டும் 5,300 பக்கம். 2% பிராசஸிங் ஃபீஸும் அதுக்கு ஜிஎஸ்டியும் 1,416. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு சொன்னா, "மொத்தமா கட்டினா எவ்வளவு தள்ளுபடி?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. காஸ்ட் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

காசை எப்படித் திரட்டுறது?

ரூ.5,050 × 9 மாசம் = ரூ.45,450. மே மாசச் சம்பளத்துல ஆரம்பிச்சா ஜனவரியோட முடிஞ்சது. பிப்ரவரில பயணம். பாருங்க, இஎம்ஐ 5,440, சேமிப்பு 5,050. கிட்டத்தட்ட ஒரே தொகைதான். ஒன்னுல ஊருக்குப் போயிட்டு வந்து 12 மாசம் கட்டுறீங்க. இன்னொன்னுல 9 மாசம் சேர்த்துட்டு, திரும்பி வந்த அன்னைக்கு யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்ல.

இதுக்கு ஆர்டி வேண்டாம். ரயில் டிக்கெட்டுக்கு டிசம்பர்லயே பத்தாயிரம் வேணும், ரூம் அட்வான்ஸ் வேற. ஆர்டியை நடுவுல உடைக்க வேண்டி வரும். சம்பள அக்கவுண்ட் இல்லாம வேற ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் வெச்சு, சம்பளம் வந்த மறுநாள் தானா போற மாதிரி செட் பண்ணிடுங்க. அந்த அக்கவுண்டோட ஏடிஎம் கார்டை அம்மாக்கிட்ட கொடுத்துடுங்க. சிரிக்காதீங்க, இதைவிடப் பலமான லாக்-இன் பீரியட் எந்த ஃபண்ட்லயும் இல்ல.

ஒரே ஒரு நிபந்தனை. மூணு மாசச் செலவுக்கான அவசரகாலப் பணமும், அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸும் முதல்ல. அது ரெண்டும் இல்லன்னா, ஊட்டியை ஒரு வருஷம் தள்ளி வையுங்க. நான் தள்ளிப்போடச் சொல்ற ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

"எல்டிஏ இருக்கே சார்?"

சிடிசி-ல எல்டிஏ-னு ஒரு வரி பார்த்திருப்பீங்க. அதைப் பத்தித் தப்பா நினைக்கிறவங்க நிறைய, அதனால சுருக்கமா சொல்றேன்.

- பழைய வரி முறையில மட்டும்தான் விலக்கு. புது முறையில எல்டிஏ பணம் கையில வரும், ஆனா அதுக்கும் வரி உண்டு.
- பயணக் கட்டணத்துக்கு மட்டும். ஹோட்டல், சாப்பாடு, அங்க சுத்துற டாக்ஸி எதுவும் வராது. இந்தியாவுக்குள்ள மட்டும், நீங்களும் லீவ் போட்டுப் போகணும்.
- அப்பா, அம்மா, தம்பி, தங்கச்சி உங்களை நம்பி இருந்தாத்தான் அவங்க டிக்கெட் சேரும். பென்ஷன்ல சொந்தமா வாழுற அப்பாவுக்குப் பொருந்தாது.
- நாலு காலண்டர் வருஷத்துல ரெண்டு பயணம். இப்போ ஓடுறது 2026–2029 பிளாக். 2022–2025 பிளாக்ல மிச்சம் இருந்தா, ஒரே ஒரு பயணத்தை 2026 டிசம்பருக்குள்ள எடுக்கலாம். அப்படி மிச்சம் இருக்கிற, பழைய முறையில இருக்கிற ஆட்கள் பிப்ரவரிக்குப் பதிலா டிசம்பர் முதல் வாரம் போங்க.

லாபம் எவ்வளவு? நம்ம கணக்குல சென்னை ரயில் 8,000. நீங்க 20% ஸ்லாப்னா, செஸ் சேர்த்து மிச்சம் 1,664 ரூபாய். அவ்வளவுதான். 2025-26 நிதியாண்டுல இருந்து, புது முறையில 12.75 லட்சம் வரைக்கும் வருஷச் சம்பளத்துக்கு வரியே இல்ல. அப்படி இருக்கும்போது எல்டிஏ-க்காக பழைய முறைக்கு மாறுறது, வர்க்கி வாங்க ஊட்டிக்கு ஃபிளைட் பிடிக்கிற மாதிரி.

"லக்கி டிரா"ல விழுந்துடாதீங்க

கடைசியா ஒன்னு. மால்ல ஒரு கூப்பன் நிரப்பியிருப்பீங்க. "வாழ்த்துகள், 3 நாள் ஊட்டி இலவசம்"னு போன் வரும். வாங்கப் போனா ஏசி ஹால்ல ரெண்டு மணி நேரம் பேசுவாங்க. முடிவுல லட்சக்கணக்குல ஹாலிடே மெம்பர்ஷிப், அதுவும் இஎம்ஐ-ல.

3 லட்சம் மெம்பர்ஷிப், வருஷப் பராமரிப்பு 15,000, வருஷத்துக்கு 7 ராத்திரினு வெச்சுக்கோங்க. அந்த 3 லட்சத்தை 6.5% எஃப்டி-ல போட்டா வருஷ வட்டி 19,500. அதை இழக்குறீங்க, கூடவே 15,000 கட்டுறீங்க. ஆக, வருஷத்துக்கு 34,500. நம்ம கணக்குல இருக்கிற அதே ரூமை 7 ராத்திரி எடுத்தா வரியோட 16,170. "இன்னைக்குக் கையெழுத்து போட்டாத்தான் ஆஃபர்"னு சொன்னா, டீயைக் குடிச்சுட்டு எழுந்து வந்துடுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. அப்பா அம்மாக்கிட்ட பேசுங்க. எவ்வளவு நடக்க முடியும், குளிர் ஒத்துக்குமான்னு கேளுங்க. "எதுக்குப்பா வீண் செலவு"ன்னுதான் முதல்ல சொல்வாங்க. கணக்கைக் காட்டுங்க, கடன் இல்லன்னு தெரிஞ்சா முகம் மாறும்.
2. தனி அக்கவுண்ட், தானியங்கி டிரான்ஸ்ஃபர்.
3. டிக்கெட் திறக்கிற தேதியை இப்பவே போன்ல அலாரம் வெச்சுடுங்க.

மேல இருக்கிற பட்டியலை உங்க குடும்பத்துக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டுப் பாருங்க. மொத்தத்தை 9-ஆல வகுத்து வர்ற தொகை, உங்க கைக்கு வர்ற சம்பளத்துல எட்டுல ஒரு பங்குக்குள்ள இருந்தா தாராளமா ஆரம்பிக்கலாம். அதுக்கு மேல போனா 12-ஆல வகுங்க. ஊட்டி எங்கயும் போயிடாது, ஆனா ஆரம்பிக்கிறதை மட்டும் அடுத்த மாசத்துக்குத் தள்ளாதீங்க.